கீரிமலைக் கரைப் பாறையில் கோலங்களைப் படமெடுப்பது: ஏன் தட்டையா வருது?

துளைக்கல்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில கீரிமலையில இருந்து மாதகல் பக்கம் போற கரையில அங்கங்க வெளித்தெரியிற சுண்ணாம்புப் பாறை முகங்களைக் கோலமா மட்டும் எடுக்க வேணும். வானம், கடல், மரம், ஆள் ஒண்டும் வரப்படாது. சட்டம் (ஃபிரேம்) முழுக்கப் பாறை. கமரா 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தை விடச் சின்ன சென்சர்), லென்ஸ் கமராவோட வந்த 18-55 மில்லிமீற்றர், ஒரு சாதாரண ட்ரைபொட், ஒரு போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கிற பில்டர்).

பிரச்சினை மூண்டு.
ஒண்டு, நேரில தெரியிற ஆழம் படத்தில இல்லை. சாம்பல் நிறத்தில தட்டையா வருது.
ரெண்டு, நடு கூர்மை, ஓரம் மங்கல். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 22 வச்சால் ஓரம் கொஞ்சம் தேறுது, ஆனால் முழுப்படமும் மொழுமொழுவெண்டு போகுது.
மூண்டு, ஈரமான பாறையில வெள்ளைப் புள்ளியாய் மினுங்குது. போலரைசரைச் சுத்தினாலும் முழுக்கப் போகுதில்லை.

லென்ஸ் மாத்த வேணுமா, முறை மாத்த வேணுமா?

ஒளிமானி:

முறைதான் தம்பி. லென்ஸைப் பற்றிப் பிறகு கதைப்பம்.

பாறையில ரெண்டு வகைக் கோலம் இருக்குது. ஒண்டு நிறத்தால வாறது: காவிக் கறை, கறுப்புப் படலம், வெள்ளை நரம்பு. மற்றது மேடுபள்ளத்தால வாறது: துளை, வரம்பு, ஊசிமுனை, அலை அரிச்ச குழி. இந்த ரெண்டுக்கும் வேண்டிய வெளிச்சம் ஒண்டுக்கொண்டு எதிர். நிறக் கோலத்துக்கு நிழலே விழப்படாது, எல்லாப் பக்கத்தாலும் ஒரே அளவா வாற மெதுவான வெளிச்சம் வேணும். மேடுபள்ளத்துக்குச் சுவரை உரசிக்கொண்டு போற வெளிச்சம் வேணும். கமராவை வெளிய எடுக்க முதல் "இது எது?" எண்டு முடிவெடுத்துப் போடுங்கோ. உங்கட முதலாவது பிரச்சினை அதிலதான் இருக்குது. மேடுபள்ளப் பாறையை நிழலில வச்சு எடுத்திருக்கிறியள் போல.

இப்ப எங்கட கரையைப் பாருங்கோ. கீரிமலை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை எல்லாம் வடக்குப் பாத்த கரை. கடலைப் பாத்து நிக்கிற பாறை முகமும் பெரும்பாலும் வடக்குப் பாத்ததுதான். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 10 பாகைக்குக் கொஞ்சம் குறைய. அதால வருசம் ரெண்டாப் பிரியும்.

செப்ரெம்பர் 23 அளவில இருந்து மார்ச் 21 வரைக்கும் சூரியன் முழு நாளும் தெற்குப் பக்கம். வடக்குப் பாத்த செங்குத்துப் பாறையில நேர் வெயில் ஒரு நிமிசமும் படாது. முழு நாளும் திறந்த நிழல்தான். நிறக் கோலத்துக்கு அது நல்ல காலம், மேடுபள்ளத்துக்கு உதவாது.

மார்ச் 21க்குப் பிறகு காலையும் பின்னேரமும் வெயில் பக்கவாட்டில விழத் தொடங்கும். ஏப்ரல் நடுப்பகுதியில சூரியன் உச்சிக்கு வரும். அதுக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நண்பகலில கூட சூரியன் வடக்கே நிக்கும். ஜூன் 21ஐ எடுத்தால், காலை சூரியன் எழும்பேக்க சுவரோட 24 பாகை அளவில பக்கத்தால விழும். நேரம் போகப் போகக் கோணம் குறைஞ்சு, நண்பகலில 14 பாகைக்குள்ள மேலிருந்து கீழாக உரசும். எங்கட நேரப்படி உண்மையான நண்பகல் 12.10 அளவில. வெளிநாட்டு வழிகாட்டியெல்லாம் "நடுப்பகலில கமராவை மூடி வை" எண்டு சொல்லும். வடக்குப் பாத்த சுண்ணாம்புச் சுவருக்கு மே நடுவில இருந்து ஜூலை கடைசி வரைக்கும் அந்த நேரம்தான் மேடுபள்ளம் அதிகம் தெரியிற நேரம். ஒவ்வொரு துளையின்ர மேல் விளிம்பும் தன்ர நிழலைத் துளைக்குள்ள போடும்.

இன்னொரு வசதியும் இருக்குது. அது சோளகக் (தென்மேற்குக் காற்று) காலம். காற்று தரையில இருந்து கடலுக்கு அடிக்கிறதால வடகரையில கரையோர அலை வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தோட பாக்கக் குறைவு. வாடை தொடங்கினால் அலை நேர பாறையில வந்து மோதும், லென்ஸில உப்புத் தூவானம் ஓயாமல் படும்.

வடமராட்சி35:

ரெண்டாவது பிரச்சினைக்குக் கணக்கு இதுதான். ஏபிஎஸ்-சியில கூர்மை ஆழம், அதாவது முன்னுக்கிருந்து பின்னுக்கு எவ்வளவு தூரம் கூர்மையா வரும் எண்டது, சட்டத்தின்ர அகலத்தையும் அப்பேச்சரையும் (எஃப் எண், லென்ஸ் துவாரத்தின்ர அளவு) பொறுத்தது. பாறையில எவ்வளவு அகலம் சட்டத்துக்குள்ள வருது எண்டதை வச்சு எஃப் 8க்குச் சொல்லுறன்:

சட்டத்துக்குள்ள 48 சென்ரிமீற்றர் வந்தால் ஆழம் 13 சென்ரிமீற்றர் அளவு.
24 வந்தால் மூண்டரை.
12 வந்தால் ஒரு சென்ரிமீற்றர்தான்.
5க்கு வந்தால் 2 மில்லிமீற்றர்.

அகலம் பாதியாக, ஆழம் காற்பங்குக்குக் கிட்டக் குறையுது. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போவம்" எண்டு நினைக்கேக்க இந்த நாலு எண்ணும் ஞாபகத்தில இருக்க வேணும்.

கமரா சுவருக்கு நேராக நிக்காட்டில் என்ன நடக்கும்? 24 சென்ரிமீற்றர் சட்டத்தில கமரா 10 பாகை திரும்பியிருந்தால் ஒரு ஓரத்துக்கும் மற்ற ஓரத்துக்கும் தூர வித்தியாசம் 4 சென்ரிமீற்றருக்கு மேல. உங்களிட்ட இருக்கிற ஆழமே மூண்டரை. 10 பாகை எண்டது கண்ணுக்கு "நேராத்தான் நிக்குது" எண்டு தெரியிற அளவு. ஓரம் மங்கிறதுக்குக் காரணம் லென்ஸ் இல்லை, இதுதான்.

எஃப் 22 ஏன் மொழுமொழுக்குது? சின்னத் துவாரத்தால போற ஒளி விரிஞ்சு போகும். எஃப் 22ல ஒரு ஒளிப்புள்ளி சென்சரில 30 மைக்ரோமீற்றர் அகலத்துக்கு விழும். உங்கட கமராவில ஒரு பிக்ஸல் 4 மைக்ரோமீற்றர்தான். எஃப் 8ல புள்ளி 11, எஃப் 11ல 15. ஆனபடியால் எஃப் 8ல தொடங்குங்கோ, எஃப் 11ஐத் தாண்டாதேங்கோ. அதிலும் போதாட்டில் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து மென்பொருளில ஒண்டாச் சேத்து அடுக்கிறதுதான் வழி.

துளைக்கல்:

நன்றி அண்ணை. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் எட்வேர்ட் வெஸ்ரன் எல்லாம் எஃப் 64ல எடுத்தவை, அந்தப் பெயரிலேயே 1932ல குழுவும் வச்சவை எண்டு வாசிச்சிருக்கிறன். அவையின்ர பாறைப் படத்தில அந்த மொழுமொழுப்பு இல்லையே?

வடமராட்சி35:

அவையின்ர பிலிம் 8க்கு 10 அங்குலம். ஏபிஎஸ்-சி சென்சரோட பாக்க மூலைவிட்டம் பதினொரு மடங்குக்கு மேல. கூர்மை ஆழத்திலயும் ஒளி விரியிறதிலயும் 8க்கு 10ல எஃப் 64க்குச் சமமானது உங்கட கமராவில எஃப் 5.6. முழுச்சட்டக் கமராவில (35 மில்லிமீற்றர் பிலிம் அளவு சென்சர்) எஃப் 8 அளவு. எண்ணைப் பாக்காமல் பிலிமின்ர அளவோட சேத்துப் பாக்க வேணும். அதோட அந்தப் பெரிய கமராவில முன்பக்கப் பலகையைச் சரிச்சு ஃபோகஸ் தளத்தைப் பாறையின்ர சரிவோட பொருத்தலாம். எங்களிட்ட அது இல்லாதபடியால் கமராவைத்தான் நேராக்க வேணும்.

ஒளிமானி:

நேராக்கிற வழி: சட்டம் போடாத சின்னக் கண்ணாடி ஒண்டு, 10 சென்ரிமீற்றர் காணும். அதை 30 சென்ரிமீற்றர் நீளமான தட்டைப் பலகையில ரெண்டு பக்க ரேப்பால ஒட்டுங்கோ. எழுதிற கிளிப் பலகை நல்லாக் காணும். பலகையைப் பாறையில நீங்கள் எடுக்கப் போற இடத்தில மெல்ல வையுங்கோ. அது மேடுகளில தங்கி நிக்கும், பாறையின்ர சராசரித் தளம் அதுதான். இப்ப கமராவின்ர திரையில பாத்து, கண்ணாடியில உங்கட லென்ஸின்ர வட்டம் சட்டத்தின்ர சரி நடுவில வரும் வரைக்கும் ட்ரைபொட்டை நகர்த்துங்கோ. நடுவில வந்தால் கமரா செங்குத்தாப் பாக்குது எண்டு அர்த்தம். பலகையை எடுத்திட்டு ஃபோகஸ் பண்ணுங்கோ.

நீர்மட்டக் குமிழை நம்பாதேங்கோ. அது கமரா பூமிக்கு மட்டமா எண்டதைச் சொல்லும். கடல் அரிச்ச பாறை செங்குத்தா நிக்கிறதில்லை, அடியில உள்வாங்கி மேல முன்னுக்கு வந்திருக்கும்.

ஃபோகஸ் வைக்கிற இடம்: ஆகக் கிட்டவா துருத்திக்கொண்டு நிக்கிற மேட்டிலும் வைக்காதேங்கோ, குழியின்ர அடியிலும் வைக்காதேங்கோ. மேட்டில இருந்து மூண்டில ஒரு பங்கு உள்ளுக்கு. குழியின்ர அடி இருட்டில மங்கினால் கண் பொறுக்கும், மேட்டின்ர விளிம்பு மங்கினால் படம் முடிஞ்சுது.

அடுக்கி எடுக்கிறதெண்டால், 24 சென்ரிமீற்றர் சட்டத்தில 6 சென்ரிமீற்றர் மேடுபள்ளம் இருந்தால் 6 தொடக்கம் 8 படம் காணும். எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) வெள்ளைச் சமநிலையும் (வெளிச்சத்தின்ர நிறத்துக்கு ஏற்ற சரிக்கட்டல்) கையால பூட்டி வையுங்கோ. கிட்ட இருந்து தூரத்துக்கு ஒரே திசையில வளையத்தைத் திருப்புங்கோ. உரசிற வெயிலில நிழல் கெதியா நகரும், அதால முழு அடுக்கும் ஒரு நிமிசத்துக்குள்ள முடிய வேணும். தண்ணி வழியிற பாறையில அடுக்க ஏலாது. ஒவ்வொரு படத்திலும் மினுக்கம் வேற இடத்தில நிக்கும், மென்பொருள் அதுகளையெல்லாம் சேத்துப் புழு நெளியிற மாதிரி ஒரு தடத்தைக் கொண்டுவரும்.

செம்பாடு:

எதைப் படமெடுக்கிறோம் என்பது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும் என்பதால் சில விளக்கங்கள்.

குடாநாட்டின் அடிப்பாறை மயோசீன் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடலடியில் படிந்த சிப்பி, பவளம், நுண்ணுயிர் ஓடுகள் இறுகியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது இந்தக் கல் கரைகிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அந்தக் கரைதலின் விளைவுகளே. கல்லின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. இறுக்கமான பகுதி வரம்பாக நிற்கும், நொய்ந்தது குழியாகும். உங்கள் கோலத்தின் முதல் காரணம் இது.

கரையோரத்தில் இன்னொன்று சேர்கிறது. தூவானத்தில் வந்த உப்பு, கல்லின் நுண்துளைகளுக்குள் காய்ந்து பளிங்காகும்போது கல்லை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது. குழி விழுந்த இடம் நிழலும் ஈரமுமாக இருப்பதால் அங்கேயே மேலும் உதிரும். இப்படித்தான் தேன்கூட்டுத் துளைகள் உருவாகின்றன. அலை நேரடியாக அடிக்கும் மட்டத்தில் இவற்றைத் தேட வேண்டாம். அதற்கு மேலே, தூவானம் மட்டும் எட்டி, பிறகு வெயிலில் காயும் பட்டையில் தேடுங்கள்.

அலைமட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் கறுப்புப் பட்டையைப் பலர் எண்ணெய்க் கறை என நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பற்றீரியாக்களின் படலம். உயிருள்ளது. கல்லுக்குள்ளும் துளைத்துப் புகுந்து வாழ்கிறது. அதை மேயும் சிறு நத்தைகள் கல்லையும் சேர்த்துச் சுரண்டுவதால்தான் அந்தப் பட்டையில் கூரிய ஊசிமுனைகள் அதிகம். தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். சுரண்டிய வெண்தழும்பு நெடுங்காலம் மாறாது.

காவி நிறம் செம்பாட்டு மண்ணில் உள்ள இரும்பு ஒட்சைட்டு. மேலே செம்பாடு படிந்திருந்து கீழே பாறை வெட்டுமுகம் தெரியும் இடங்களில், வெடிப்பு வழியே இறங்கிய கோடுகளாகக் காணலாம். மாரி மழை விட்டதும், பாறை அரைகுறையாகக் காயும் நாட்களில் நிறம் மிக ஆழமாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் உயரமான பாறைச் சுவர் கிடையாது. தாழ்ந்த கரைமுகங்களும் கிணற்று உட்சுவர்களுமே உண்டு. அகன்ற பட்டைகளாக ஓடும் கோலம் வேண்டுமானால் வவுனியாவுக்கு அப்பால் போக வேண்டும். அங்குள்ளது மிகப் பழைய உருமாறிய நைஸ் பாறை. கறுப்புக் கனிமமும் வெண்படிகமும் மாறி மாறி வரியாக ஓடும். அங்கே கோலம் பெரும்பாலும் நிறத்தால் வருவது. ஒளிமானி சொன்ன முதல் வகை.

ஒளிமானி:

செம்பாடு ஐயா சொன்ன காவிக்கும் ஊசிமுனைக்கும் எக்ஸ்போஷர் வேற வேற. கமராவின்ர மானி எதைப் பாத்தாலும் நடுச்சாம்பலாக்கப் பாக்கும். அதால காய்ஞ்ச வெள்ளைச் சுண்ணாம்புக்கு எக்ஸ்போஷர் திருத்தத்தில +⅔ தொடக்கம் +1 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டால் வெளிச்சம் ரெட்டிப்பு) குடுக்க வேணும். சாம்பலா வாறதுக்குப் பாதிக் காரணம் இது. ஈரமான பாறைக்குச் சைபர் காணும். கறுப்புப் படலம் சட்டத்தை நிறைச்சால் -1.

காவி நிறம் நிறையவா இருந்தால் மூண்டு நிற ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டிற வரைபு) பாருங்கோ. வெள்ளை ஹிஸ்டோகிராம் நல்லா இருக்கேக்கயே சிவப்பு மட்டும் வலது சுவரில முட்டி நிக்கும். அப்படி முட்டினால் காவியில இருக்கிற நுணுக்கமெல்லாம் ஒரே செம்மஞ்சளாப் போகும், பிறகு கணினியில மீட்க ஏலாது.

றோவில (கமரா பதப்படுத்தாத கோப்பு) எடுங்கோ. திறந்த நிழலில வெள்ளைச் சமநிலை 7000, 8000 கெல்வின் வரைக்கும் போகும். ஓட்டோவில விட்டால் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு நிறம். அதே வெளிச்சத்தில சாம்பல் அட்டையை வச்சு ஒரு படம் எடுத்து வையுங்கோ.

தீவகத்தாள்:

மூன்றாவது பிரச்சினைக்கு, அதாவது ஈர மினுக்கத்துக்கு, இன்னும் ஒருவரும் வரவில்லை. நான் சொல்கிறேன்.

போலரைசர் நன்றாக வேலை செய்வது தண்ணீர்ப் பரப்பைச் சரிவாகப் பார்க்கும்போது. அந்தப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 53 பாகை அளவில் பார்த்தால் மினுக்கம் முழுதாக அடங்கும். நேர் எதிரே நின்று பார்க்கும் மினுக்கத்தில் போலரைசர் பிடிக்கக்கூடிய ஒழுங்கே இராது. இங்கே கமராவைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லித்தான் எல்லோரும் கஷ்டப்படுகிறீர்கள். கரடுமுரடான ஈரப்பாறையில் ஒவ்வொரு சிறு முகமும் ஒவ்வொரு பக்கம் சரிந்து நிற்கும். சரிந்த முகத்தின் மினுக்கம் போகும், நேரே பார்க்கும் முகத்தினது போகாது. துளைக்கல் தம்பிக்கு "முழுக்கப் போகுதில்லை" என்று தெரிந்தது இதுதான். அதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சமும் இழப்பு.

செய்யக்கூடியவை. வெயில் அல்லது பிரகாசமான வானம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பாறையில் பட்டுத்தான் கமராவுக்குத் திரும்புகிறது. அந்தத் துண்டு வானத்தை மறைத்தால் போதும். பெரிய கறுப்புக் குடை, கமராவுக்குப் பின்னால் தலைக்கு மேல். லென்ஸ் துவாரம் மட்டும் வெட்டிய கறுப்பு அட்டை இன்னும் நல்லது.

முழுதாக அகற்ற வேண்டுமானால் ஃபிளாஷின் முன்னால் போலரைசர் தாள் ஒட்டி, லென்ஸில் உள்ள போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருப்புங்கள். நேர் எதிர் மினுக்கமும் அடங்கும், நிறம் அடியிலிருந்து எழும்பி வரும். சூரிய வெளிச்சம் கலக்கக் கூடாது. குடை நிழலில் ஷட்டரை 1/200 செக்கனுக்குக் கொண்டுபோய், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் கறுப்பாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் குறுக்கு முறையில் மூன்று ஸ்டொப் வரை போகும், ஃபிளாஷைக் கிட்டக் கொண்டுவர வேண்டி வரும்.

ஆனால் ஒன்று. எல்லா மினுக்கத்தையும் கொன்றுவிடாதீர்கள். ஊசிமுனைப் பாறையில் சிறு மினுக்கம்தான் விளிம்பைக் காட்டும். நிறக் கோலத்துக்கு மட்டும் முழுதாக அகற்றுங்கள்.

காய்ந்த பாறையை நனைத்து எடுப்பதென்றால் நல்ல தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி மெல்லத் தெளியுங்கள். கடல்நீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளை உப்புப் படியும். ஈரம் கல்லின் நுண்துளைகளை நிரப்புவதால் மேற்பரப்பில் சிதறும் வெளிச்சம் குறைந்து நிறம் கருமையாகத் தெரியும். தெளித்தவுடன் எடுக்காமல், மேலே நிற்கும் நீர்ப்படலம் உறிஞ்சப்படும் வரை பொறுங்கள். நிறம் அப்படியே இருக்க மினுக்கம் மட்டும் குறைந்த ஒரு சிறு இடைவேளை கிடைக்கும். வெயிலில் அது மிகக் குறுகியது.

வடமராட்சி35:

அக்கா ஃபிளாஷைக் கதைச்சபடியால் அதில வழக்கமா நடக்கிற பிழையையும் சொல்லுறன். மேடுபள்ளத்துக்கு ஃபிளாஷைப் பக்கத்தில, சுவரோட 10 தொடக்கம் 20 பாகையில வைக்கச் சொல்லுறது சரி. ஆனால் கிட்ட வச்சால் ஒரு ஓரம் வெந்து மற்ற ஓரம் இருண்டு போகும். 30 சென்ரிமீற்றர் சட்டம், கிட்ட ஓரத்தில இருந்து 30 சென்ரிமீற்றரில ஃபிளாஷ் எண்டால், மற்ற ஓரம் 60ல. தூரம் ரெட்டிப்பு, வெளிச்சம் காற்பங்கு, 2 ஸ்டொப் வித்தியாசம். ஃபிளாஷை ஒண்டரை மீற்றருக்குப் பின்னால கொண்டு போனால் 150க்கும் 180க்கும் அரை ஸ்டொப்தான். எதிர்ப் பக்கத்தில ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரை) அட்டையைச் சுவருக்குச் செங்குத்தா நிறுத்தினால் அதுவும் சரியாயிடும்.

வெளிச்சம் கீழ இருந்து வரப்படாது. எங்கட கண் வெளிச்சம் மேல இருந்து வருது எண்டு நம்பிப் பாக்கிறது. கீழ இருந்து அடிச்சால் குழியெல்லாம் மேடாத் தெரியும். சிலருக்கு ஒரு மாதிரியும் மற்றவைக்கு இன்னொரு மாதிரியும் தெரியும். சந்தேகமெண்டால் படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்கோ, குழியும் மேடும் மாறும். கோலப் படத்துக்கு மேல் கீழ் இல்லை எண்டு நினைச்சுத் திருப்பி அச்செடுக்கிற ஆக்களும் இதைக் கவனிக்க வேணும்.

கயல்:

கமரா இல்லை, ஃபோன்தான். அதிலயும் செய்யலாமா அண்ணை?

வடமராட்சி35:

செய்யலாம் தங்கச்சி. 1x வேண்டாம், 2x அல்லது 3x லென்ஸில வச்சுத் தள்ளி நில்லுங்கோ. 1xஇல கிட்டப் போனால் நடு ஊதி ஓரம் இழுபடும். கன ஃபோன் மிகக் கிட்டப் போகேக்க கேக்காமலே அகல லென்ஸுக்கு மாறிப் போடும், அமைப்பில அந்த மக்ரோ மாறலை நிப்பாட்டுங்கோ. திரையை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கோ.

முக்கியமானது, ஃபோனின்ர தானியங்கிக் கூர்மையாக்கல். சுண்ணாம்புக் கல்லில ஏற்கனவே மணி மணியான நுணுக்கம் இருக்குது. ஃபோன் அதை இன்னும் தூக்கி, கல் முழுக்க உப்புத் தூவின மாதிரி ஆக்கிப் போடும். புரோ முறையில றோ எடுக்க ஏலுமெண்டால் அதைத் தவிர வேற ஒண்டிலயும் எடுக்காதேங்கோ.

தீவகத்தாள்:

இடம் பற்றி ஒரு யோசனை. நெடுந்தீவில் காணி வேலிகள் முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கியவை. அந்தக் கற்களின் முகத்தில் பவளத்தின் அறைகள் அப்படியே இருக்கின்றன. சில வகைகளில் அறை ஒரு மில்லிமீற்றர்தான், அதற்கு 5 சென்ரிமீற்றர் சட்டம் வேண்டும், மக்ரோ லென்ஸ் இல்லாமல் ஏலாது. சிலவற்றில் அறை ஒரு சென்ரிமீற்றர் வரை. மூளைப் பவளத்தின் நெளிந்தோடும் வாய்க்கால்களும் உண்டு. இவற்றுக்கு 15 சென்ரிமீற்றர் சட்டமும் 18-55உம் போதும்.

கரைப்பாறையைவிட இங்கே ஒரு வசதி, வேலிகள் நாலு திசையும் பார்த்து நிற்கும். எந்த மாதமானாலும் உரசும் வெயில் படும் முகம் ஒன்று கிடைக்கும். கிழக்கு மேற்காக ஓடும் வேலியின் தெற்கு முகத்தில் ஒக்ரோபரிலிருந்து பெப்ரவரி வரை நாள் முழுக்க வெயில்.

செம்பாடு:

படமெடுக்க நல்ல பொருள் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இந்த இழை இயற்கைப் பாறைச் சுவர் பற்றியது. நெடுந்தீவு வேலி மனிதர் அடுக்கியது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இடைவெளிக் கோடு சட்டத்துக்குள் வந்ததும் பார்ப்பவருக்கு "சுவர்" என்று புரிந்துவிடும். கோலம் அங்கேயே செத்துவிடும்.

தீவகத்தாள்:

ஐயா சொல்வது சட்டத்தை எங்கே வெட்டுவது என்பதைப் பற்றியது, பொருளைப் பற்றியது அல்ல. ஒரு கல்லின் முகத்துக்குள் நின்றுகொண்டால் இடைவெளி வராது. கரைப்பாறையிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு சிப்பி, ஒரு புல், காய்ந்த பாசித் துண்டு ஒன்று வந்தால் போதும், கண் உடனே அளவைக் கண்டுபிடித்துவிடும். அதுவரை ஒரு சாணா ஒரு மைலா என்று தெரியாமல் நின்ற படம், அந்தக் கணமே ஒரு கல்லின் படமாகிவிடும். அளவு தெரியாமலிருப்பதுதான் இந்த வகைப் படத்தின் உயிர். எடுக்க முன் நாலு மூலையையும் நாலு ஓரத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நடுவை எல்லோரும் பார்க்கிறார்கள், பிழை ஓரத்தில்தான் நுழையும்.

அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஆரன் சிஸ்கின்ட் 1940களில் ஆவணப் படத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்பியபோது பாறையையும் எடுத்தார், உரிந்த சுவர்ப் பூச்சையும் எடுத்தார். இயற்கையா செயற்கையா என்ற கோடு அவர் படங்களில் இல்லை.

செம்பாடு:

ஒரு கல்லின் முகம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு வேண்டுகோள்: வேலிக் கல்லைத் திருப்பிப் பார்க்கவோ எடுத்து வெயிலில் வைக்கவோ கூடாது. சாந்தில்லாத அடுக்கு, ஒன்றை எடுத்தால் மேலே உள்ளது சரியும். யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கல் சுவருக்கும் அப்படியே. அது தொல்லியல் சின்னம். பலகையை ஊன்றுவதும் தண்ணீர் தெளிப்பதும் அங்கே வேண்டாம்.

துளைக்கல்:

எல்லாருக்கும் நன்றி. வாற கிழமை நெடுந்தீவுக்கு குறிகாட்டுவான் இறங்குதுறையால போற எண்ணம். உப்புக்கு என்ன செய்யிறது?

வடமராட்சி35:

படகில கமரா பைக்குள்ள, பை பொலித்தீனுக்குள்ள. லென்ஸைக் கரையில வச்சு மாத்தாதேங்கோ, எது வேணுமோ அதை வீட்டிலேயே பூட்டிக்கொண்டு போங்கோ. முன்னுக்கு ஒரு யூவீ பில்டர்.

பில்டரில தூவானம் பட்டால் காய்ஞ்ச துணியால துடைக்கப்படாது. காய்ஞ்ச உப்புப் பளிங்கு பூச்சைக் கீறும். நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால முதலில ஒத்தி எடுங்கோ, பிறகு காய்ஞ்ச துணி. ஆவி படிஞ்ச மாதிரி மெல்லிசா ஒரு உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், படத்தில கறுப்பெல்லாம் வெளிறிப் போனால் அதுதான் காரணம். மணித்தியாலத்துக்கு ஒருக்கா பில்டரைச் சரிச்சு வெளிச்சத்தில பாருங்கோ.

ட்ரைபொட்டின்ர காலை முழுசா நீட்டி நல்ல தண்ணியில கழுவிக் காய விட்டு மடக்குங்கோ. மடக்கினபடி வச்சால் பூட்டு இறுகிப் போகும். சோளகத்தில ட்ரைபொட் ஆடாமல் பையைத் தொங்க விடுறது நல்லது, ஆனால் பை நிலத்தைத் தொட வேணும். அந்தரத்தில தொங்கினால் காத்துக்கு அது ஆடி ட்ரைபொட்டையும் ஆட்டும். 2 செக்கன் ரைமரை வையுங்கோ.

பாசி பிடிச்ச பாறையில செருப்போட ஏறாதேங்கோ. ஊசிமுனையில விழுந்தால் கை கிழியும். பாதுகாப்புப் பிரிவினர் நிக்கிற இடமெண்டால் ட்ரைபொட்டை விரிக்க முதல் கேட்டுவிடுங்கோ.

அச்சுப்பலகை:

எடுத்த பிறகு செய்ய வேண்டியதையும் சேத்து வைக்கிறன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் கண்காட்சிக்கு அச்செடுக்கிற ஆக்களின்ர கோப்புகளில திரும்பத் திரும்ப வாற பிழை ரெண்டு.

ஒண்டு, மென்பொருளில கிளாரிற்றியை (விளிம்புகளை அழுத்திக் காட்டிற தடி) கூட்டிறது. மேடுபள்ளம் எடுக்கேக்க வராட்டில் அதைக் கூட்டி வரவழைக்க ஏலாது. வெள்ளைக் கல்லைச் சுத்திக் கறுப்பு வளையம்தான் வரும். +15க்கு மேல போக வேண்டி வந்தால் படம் தவறான வெளிச்சத்தில எடுபட்டிருக்குது, திரும்பப் போய் எடுங்கோ.

ரெண்டு, கறுப்பு வெள்ளையாக்கேக்க சும்மா நிறத்தை எடுத்து விடுறது. காவிக் கறையும் சாம்பல் கல்லும் ஒரே அளவு வெளிச்சமா இருக்கும், நிறத்தை எடுத்தால் ரெண்டும் ஒண்டாயிடும். செம்மஞ்சள் தடியை (ஸ்லைடர்) கூட்டினால் காவி வெளிறும், குறைச்சால் கறுக்கும். எது கோலத்தைத் தூக்குதோ அதை எடுங்கோ. அதிகம் இழுத்தால் அந்த இடத்தில மணல் மாதிரி இரைச்சல் எழும்பும், 100 வீதத்தில வச்சுப் பாருங்கோ.

24 மெகாபிக்ஸல் கோப்பு 6000க்கு 4000. அங்குலத்துக்கு 300 புள்ளியில 20க்கு 13 அங்குலம் தாராளமா வரும். கண்ணாடி போட்டு மாட்டிறதெண்டாலும் இல்லையெண்டாலும் மற் (மினுங்காத) தாள்தான் எடுங்கோ. மினுங்கிற தாளில பாக்கிற ஆளின்ர நிழல் கல்லின்ர கறுப்புக் குழிக்குள்ள வந்து நிக்கும். மற் தாளில கறுப்பு கொஞ்சம் வெளிறும், ஆகக் கறுப்பான பகுதிகளில நுணுக்கம் தெரியுமளவுக்கு முதலே தூக்கி விடுங்கோ. பெரிசா எடுக்க முதல் அதில ஒரு கைப்பிடி அளவு துண்டை மட்டும் அதே தாளில அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில பாருங்கோ.

மாட்டேக்க, படத்தில வெயில் எந்தப் பக்கத்தால விழுந்ததோ மண்டபத்து லைற்றும் அந்தப் பக்கத்தாலேயே விழட்டும். எதிர்ப் பக்கத்தால அடிச்சால் வடமராட்சி35 சொன்ன குழி மேடாகிற குழப்பம் அச்சிலும் வரும்.